வயல் எலியின் உடலில் புழுக்கள்: எந்த ஊரில் எது, ஏன்?

எலி என்றவுடன் விவசாயிக்கு நினைவு வருவது நட்டம்தான். பால் பிடிக்கும் நெற்பயிரை அடியில் வெட்டுகிறது. நிலக்கடலையைத் தோண்டித் தின்கிறது. தென்னையில் குரும்பையைத் துளைக்கிறது. வரப்பைக் குடைந்து தண்ணீரை வீணாக்குகிறது. மிஞ்சியதைப் பத்தாயத்திலும் மூட்டையிலும் வந்து முடிக்கிறது. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் நட்டங்கள். ஆனால் எலி சுமந்து திரியும் இன்னொரு சுமை உண்டு. அது வெளியே தெரிவதில்லை. அதன் குடலிலும், கல்லீரலிலும், நுரையீரலிலும் வாழும் புழுக்கள்தான் அவை.

எலியின் புழுவைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலைப்பட மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, இவற்றில் சில மனிதனுக்கும் வரும். ஒன்று மூளை வரை போகும். இரண்டாவது, இவை பரவும் இடங்கள் நம்முடைய களமும், மாவுப் பானையும், கீரைப் பாத்தியும்தான். மூன்றாவது, எலியை ஒழிக்க நாம் செய்யும் சில காரியங்களே புழுவைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வேறு நாடுகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. எந்தப் புழு எங்கே இருக்கும், ஏன் அங்கே இருக்கும் என்று தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் அதைத் தடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

நம் வயலில் உள்ள எலிகள்

தமிழ்நாட்டு வயல்களில் எல்லா எலியும் ஒரே எலி அல்ல. வரப்பில் வளை தோண்டி, வாயிலில் மண்ணைக் குவித்து வைத்துத் தானியத்தை உள்ளே சேமிப்பது கரம்பை எலி. புல் எலி உருவில் சிறியது. மேட்டு நிலங்களிலும் மணற்பாங்கான இடங்களிலும் இருப்பது வெள்ளெலி. எல்லாவற்றிலும் சிறியது வயல் சுண்டெலி. வீட்டுக் கூரையிலும் தென்னை மரத்திலும் ஏறித் திரிவது வீட்டெலி. ஊருக்குள் சாக்கடை ஓரம் இருப்பது பெருச்சாளி.

இவை ஒவ்வொன்றும் வாழும் இடமும் தின்னும் உணவும் வேறு வேறு. அதனால் இவற்றின் உடலில் உள்ள புழுக்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. மூட்டை அடுக்கில் வாழும் எலிக்கு ஒரு புழு அதிகம். நத்தை உள்ள ஈர நிலத்து எலிக்கு வேறொரு புழு அதிகம். எலி எதைத் தின்கிறதோ அதற்கேற்பவே அதன் புழுக்களும் அமைகின்றன.

நேர் பஸ்ஸும் மாறிப் போகும் பஸ்ஸும்

ஒரு புழு ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்குப் போய்ச் சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேர் வழி. எலியின் எச்சத்தில் முட்டை வெளியேறும். அது விழுந்த தீனியை வேறோர் எலி தின்றால் புழு உள்ளே போய்விடும். இது நேர் பஸ் ஏறிப் போவது போன்றது.

இன்னொன்று மாறிப் போகும் வழி. இந்த வகைப் புழுவின் முட்டை நேராக இன்னோர் எலியின் வயிற்றுக்குள் போனாலும் வளராது. இடையில் ஒரு வண்டின் உடலிலோ, நத்தையின் உடலிலோ சில வாரம் தங்கி வளர்ந்தாக வேண்டும். அதன் பிறகு அந்த வண்டையோ நத்தையையோ எலி தின்றால்தான் புழு முழு வளர்ச்சி பெறும். நடுவழியில் ஒரு ஜங்ஷனில் இறங்கி வேறு பஸ் ஏறுவது போல. அந்த ஜங்ஷன் இல்லாத ஊருக்கு இந்தப் புழு போகவே முடியாது.

எலிப் புழுக்களின் உலகப் படத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும். எலி அநேகமாக உலகம் முழுவதும் இருக்கிறது. ஆயினும் எலியின் புழுக்கள் எல்லாம் எல்லா இடத்திலும் இல்லை. ஒரு புழுவின் எல்லையை வகுப்பது எலி மட்டும் அல்ல. அதன் இடைத்தங்கல் பிராணியும், அந்த மண்ணின் ஈரமும் வெப்பமும் சேர்ந்தே வகுக்கின்றன. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

மாவு வண்டில் தங்கும் நாடாப்புழு

எலியின் குடலில் சாதாரணமாகக் காணப்படுவது ஒரு நாடாப்புழு. ஓரடி முதல் இரண்டடி வரை நீளும். வெள்ளை ரிப்பன் போல மெல்லியதாக இருக்கும். இதன் முட்டைகள் எலிப் புழுக்கையோடு வெளியே வரும். அந்தப் புழுக்கையைத் தானியத்திலும் மாவிலும் ஊரும் செந்நிற மாவு வண்டு தின்னும். வண்டின் உடலுக்குள் முட்டை பொரிந்து, சுமார் இரண்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு பையாக மாறிக் காத்திருக்கும். வண்டை எலி தின்றால் அந்தப் பை எலியின் குடலில் நாடாப்புழுவாக வளரும்.

இந்தப் புழு உலகெங்கும் இருக்கிறது. தானியத்தை மனிதன் எங்கெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுபோனானோ, அங்கெல்லாம் எலியும் போயிற்று, வண்டும் போயிற்று. பஸ்ஸும் ஜங்ஷனும் சேர்ந்தே பயணம் செய்துவிட்டதால் புழுவுக்கு எல்லை இல்லாமல் போயிற்று.

மனிதனுக்கு இது வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் குழந்தைகளுக்கே வரும். வண்டு விழுந்த மாவையோ பொட்டுக்கடலையையோ வேக வைக்காமல் வாயில் போட்டுக்கொள்வதால் வருகிறது. வயிற்று வலி, பசியின்மை, பேதி போன்ற தொல்லைகள் தோன்றலாம். மருத்துவரிடம் காட்டினால் எளிதில் குணமாகும். வண்டை எடுத்துப் போட்டுவிட்டு மாவைச் சலித்துப் பயன்படுத்தும் வழக்கம் நல்லதுதான். ஆனால் எலி நடமாடிய இடத்து மாவைக் குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

ஈரலில் வெள்ளைக் கட்டி

வயலில் எலி பிடிப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். எலியை அறுத்தால் கல்லீரலில் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைக் கட்டி இருக்கும். கட்டியைப் பிரித்தால் உள்ளே மடித்து வைத்த நாடா போல ஒரு புழு நெளியும். இது பூனையின் நாடாப்புழுவுடைய குஞ்சுப் பருவம். பெரிய புழு பூனையின் குடலில் வாழ்கிறது. பூனை மலத்திலிருந்து முட்டை வைக்கோல், தவிடு, தானியம் ஆகியவற்றில் ஒட்டிக்கொள்ளும். எலி அதைத் தின்ன, அதன் ஈரலில் கட்டி உண்டாகும். அந்த எலியைப் பூனை தின்ன, சுற்று முடிவடையும்.

இங்கே எலியே ஜங்ஷன். பூனையும் எலியும் சேர்ந்து வாழும் இடமெல்லாம் இந்தப் புழு உண்டு. பூனை இல்லாத தீவில் எலி எவ்வளவு இருந்தாலும் இது நிலைக்காது. மனிதனுக்கு இதனால் பயமில்லை என்றே கூறலாம். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்டு அதற்குப் புழு நீக்க மருந்து கொடுப்பது நல்லது.

எலியைக் கொல்ல ஒரு புழுவை ஏவினார்கள்

ஈரலில் வரும் இன்னொரு புழு சற்று விசித்திரமானது. இது மயிர் போன்ற மெல்லிய உருளைப்புழு. ஈரலுக்குள்ளேயே வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே மடியும். ஈரலில் மஞ்சள் கலந்த வெள்ளைக் கோடுகளும் திட்டுகளும் தெரியும். முட்டைகளுக்கு வெளியே வர வழி கிடையாது. எலி செத்து அழுகினாலோ, அல்லது அந்த எலியை வேறொரு பிராணி தின்று முட்டைகள் அதன் மலத்தோடு வெளியேறினாலோதான் அவை மண்ணுக்கு வரும். மண்ணில் ஈரமும் காற்றும் கிடைத்து, சில வாரம் கழிந்தால்தான் முட்டை பக்குவப்படும். அதன் பிறகே அது வேறோர் எலியைப் பிடிக்கும்.

இதுவும் பல கண்டங்களில் பரவியிருக்கும் புழு. மனிதனுக்கு வருவது மிக அரிது. மண் தின்னும் சிறு குழந்தைகளுக்கு வந்து ஈரலைக் கெடுத்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இந்தப் புழுவைக் கொண்டு எலியை ஒழிக்கலாமா என்று ஆஸ்திரேலியாவில் முயன்று பார்த்தார்கள். அந்நாட்டுக் கோதுமை வயல்களில் சில ஆண்டுகளில் சுண்டெலி கணக்கின்றிப் பெருகிவிடும். அங்குள்ள அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் இந்தப் புழுவைச் சோதித்தார்கள். அடைப்புக்குள் வளர்த்த சுண்டெலிகளில் புழு வந்தவை குறைவாகக் குட்டி போட்டன. நம்பிக்கை பிறந்தது. 1990களில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதி வயல்களில் முட்டைகளைப் பரப்பிப் பார்த்தார்கள். ஆனால் திறந்த வயலில் பலன் கிடைக்கவில்லை. எலிகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எலி சாக வேண்டும், ஈரல் அழுக வேண்டும், மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், பிறகுதான் அடுத்த எலிக்குப் போக வேண்டும். அவ்வளவு தாமதமாகப் பரவும் புழு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடக்கூடிய சுண்டெலியின் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

எலிக்கு நோய் வந்தால் தானே ஒழிந்துவிடும் என்று சும்மா இருப்பவர்களுக்கு இது ஒரு பாடம். பெரும்பாலும் புழுவும் எலியும் ஒன்றையொன்று அனுசரித்தே வாழ்கின்றன. தன்னைச் சுமக்கும் வண்டியைப் புழு உடைத்துப் போடுவதில்லை.

கப்பல் ஏறி உலகைச் சுற்றிய புழு

இனிச் சொல்லப்போவதுதான் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய புழு. இது எலியின் நுரையீரல் புழு. 1935ஆம் ஆண்டில் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளில் சென் என்ற விஞ்ஞானி இதை முதன்முதலாகக் கண்டு எழுதினார். அந்த ஊரின் பெயரே இதன் விஞ்ஞானப் பெயரிலும் இருக்கிறது.

பெரிய புழு எலியின் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் வாழ்கிறது. நீளம் ஓர் அங்குலம் இருக்கும். பெண் புழுவின் உடலில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு போலச் சுற்றித் தெரியும். முட்டை பொரிந்து வரும் குஞ்சுகள் நுரையீரலிலிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எலிப் புழுக்கையோடு தரைக்கு வரும். அந்தப் புழுக்கையை நத்தையோ, ஓடில்லாத நத்தையோ தின்னும். அதன் உடலில் இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு பக்குவமடையும். நத்தையை எலி தின்றால், குஞ்சு இரத்தத்தின் வழியே முதலில் எலியின் மூளைக்குப் போய், அங்கே சில வாரம் வளர்ந்து, பிறகு நுரையீரலுக்கு வந்து சேரும்.

மனிதன் தவறுதலாக அந்த நத்தையைப் பச்சையாகவோ அரை வேக்காட்டிலோ தின்றுவிட்டால், குஞ்சு அதே வழியில் மூளைக்குப் போகிறது. ஆனால் மனித உடல் அதற்குச் சரியான வீடு அல்ல. பொதுவாக நுரையீரலுக்கு வந்து முட்டையிட முடியாமல் மூளையிலேயே மடிகிறது. அதனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கிவிடும். மனிதனில் இந்நோய் 1945இல் தைவான் தீவில் ஒரு சிறுவனிடம் கண்டறியப்பட்டது. 1955இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மக்கெராஸ், சாண்டர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் புழுவின் வாழ்க்கைச் சுற்றை விளக்கினார்கள். 1960களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவில் மூளை நோயால் இறந்த ஒருவரின் மூளையில் இந்தப் புழு இருந்தது தெரிந்தபின் உலகம் விழித்துக்கொண்டது.

கிழக்கு ஆசியாவில் கண்ட புழு எப்படி ஹவாய்க்குப் போயிற்று? எலி கப்பலில் போயிற்று. நத்தையை மனிதனே கொண்டுபோனான். ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் கதை இதற்கு நல்ல சாட்சி. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை மொரீஷியஸ் தீவுக்கு வந்தது. அங்கிருந்து 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த நத்தைகள் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. 1900 வாக்கில் இலங்கையில் காணப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர் இதை உணவுக்காகப் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுசென்றார்கள். நெல் விவசாயிகள் அறிய வேண்டிய இன்னொரு நத்தையும் உண்டு. தென் அமெரிக்காவின் தங்க நிற ஆப்பிள் நத்தையை 1980 வாக்கில் உணவுக்காக வளர்க்கலாம் என்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். அது குளத்தை விட்டு வயலுக்குள் புகுந்து இளநாற்றைத் தின்னத் தொடங்கியது. பிறகு சீனா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் வயல்களிலும் பரவியது. எலிப் புழுவும் அதில் குடியேறியது. 2006இல் பெய்ஜிங் நகரில் சரியாக வேகாத இந்த நத்தைக் கறியைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூளைச்சவ்வு நோயில் படுத்தார்கள்.

இன்று இந்தப் புழு தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, கியூபா, ஜமைக்கா, அமெரிக்காவின் தென் மாநிலங்கள், பிரேசில் ஆகிய இடங்களில் காணப்படுகிறது. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டெனெரிஃப் தீவில் 2010இல் அறியப்பட்டது. 2020களின் தொடக்கத்தில் அந்நாட்டின் வலென்சியா நகரத்து எலிகளிலும் கண்டுபிடித்தார்கள். படத்தில் பார்த்தால் இவை எல்லாம் வெப்பமும் ஈரமும் உள்ள, நத்தை செழிக்கும் இடங்களாகவே இருக்கும்.

நம் நாட்டிலும் இது உண்டு. மும்பையில் பெருச்சாளிகளை அறுத்துப் பார்த்தபோது 1980களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கேரளத்தில் இந்த வகை மூளைச்சவ்வு நோய் பலருக்கு வந்து மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. அவர்களில் சிலர் உடும்பைப் பச்சையாக உண்டவர்கள். உடும்பு நத்தையைத் தின்னும் பிராணி. நத்தையில் உள்ள குஞ்சுப் புழு உடும்பின் உடலில் வளராமல் அப்படியே தங்கியிருக்கும். நண்டு, இறால், தவளை ஆகியவற்றிலும் இப்படித் தங்கும்.

உடும்பு இரத்தம் குடித்தால் உடல் வலுக்கும், முதுகுவலி போகும் என்ற பேச்சு நம் கிராமங்களிலும் உண்டு. வலு வராது. மூளைக்குப் புழு வரலாம். தவிர, உடும்பைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

எலியைப் பிடிக்க நரி, நரியோடு வந்த நோய்

நம் ஊரில் இல்லாத ஒரு புழுவையும் அறிந்துகொள்வது பயன் தரும். குளிர் நாடுகளில் நரியின் குடலில் ஒரு மிகச் சிறிய நாடாப்புழு வாழ்கிறது. அதன் குஞ்சுப் பருவம் வயல் எலி இனத்தின் ஈரலில் வளர்கிறது. மனிதனுக்கு வந்தால் ஈரலில் புற்றுக்கட்டி போலப் பல ஆண்டு மெல்ல வளர்ந்து உயிரைப் பறிக்கும். மத்திய ஐரோப்பா, சைபீரியா, மேற்குச் சீனா, அலாஸ்கா, கனடா, ஜப்பானின் வடக்கு முனை ஆகிய இடங்களே இதன் எல்லை. இதன் முட்டை குளிரையும் பனியையும் தாங்கும். வெயிலும் வறட்சியும் தாங்காது. அதனால் நம் சமவெளியில் இதற்கு இடமில்லை. நம் ஊர் நாய்களால் ஆடு மாடுகளுக்கும் மனிதருக்கும் வரும் நீர்க்கட்டிப் புழு இதன் உறவு. ஆனால் இது அல்ல.

ஜப்பானின் வடக்கே ரெபுன் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே எலித் தொல்லை அதிகம். எலியைப் பிடிக்கவும், தோலுக்காகவும் 1924 முதல் 1926 வரை குரில் தீவுகளிலிருந்து நரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நரிகளோடு புழுவும் வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தீவு மக்களிடம் ஈரல் நோய் தலைகாட்டியது. காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். கடைசியில் நரிகளையும் நாய்களையும் தீவிலிருந்து ஒழித்த பிறகே நோய்ச் சங்கிலி அறுந்தது.

எலி அங்கே முன்பே இருந்தது. புழுதான் இல்லை. ஜங்ஷனுக்கு வர வேண்டிய பஸ்ஸை மனிதனே கொண்டுவந்து நிறுத்தினான். வெளியூர்ப் பிராணி எதையும், நத்தையானாலும் நரியானாலும், லாபம் வரும் என்று எவரோ சொன்னதை நம்பி நம் நிலத்தில் கொண்டுவந்து விடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

சங்கிலியை எந்தக் கண்ணியில் வேண்டுமானாலும் அறுக்கலாம். செலவில்லாமல் அறுக்கக்கூடிய இடங்கள் இவை:

1. செத்த எலியை வரப்பிலோ வாய்க்காலிலோ வீசக்கூடாது. நாய்க்கும் பன்றிக்கும் போடக்கூடாது. எரித்துவிட வேண்டும். முடியாவிட்டால் கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். வெறுங்கையால் தொடாமல் குச்சியாலோ பிளாஸ்டிக் பையாலோ எடுக்க வேண்டும்.

2. வரப்பைக் குறுகலாக அமைத்துப் புல்லைச் செதுக்கி வைத்தால் கரம்பை எலிக்கு வளை தோண்ட இடம் குறையும். தஞ்சாவூர் கிட்டிகள் வைத்துப் பிடிக்கலாம். வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வைக்கலாம். ஊரார் சேர்ந்து ஒரே சமயத்தில் செய்தால்தான் பலன் உண்டு. ஒருவர் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி வந்து குடியேறிவிடும்.

3. நெல் மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்காமல், கட்டை போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும். தானியத்தை நன்றாகக் காயவைத்தால் வண்டும் குறையும். எலியையும் வண்டையும் சேர்த்துத் தடுப்பதே நாடாப்புழுவைத் தடுப்பது.

4. ராட்சத நத்தை தோட்டத்தில் தெரிந்தால் சும்மா விடக்கூடாது. மாலையில் ஈரச் சாக்கைப் பாத்தி ஓரம் போட்டு, அதன் கீழ் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்தால் நத்தைகள் அங்கே கூடும். விடிந்ததும் கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போட்டுக் கொன்று புதைக்க வேண்டும். உப்பை நிலத்தில் தூவினால் மண் கெடும். நத்தையைக் காலால் நசுக்குவதும், குழந்தைகள் கையில் வைத்து விளையாடுவதும் கூடாது.

5. கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ், வெள்ளரி போன்றவற்றைப் பச்சையாக உண்ணும்போது ஓடும் நீரில் இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். நகக்கண் அளவுள்ள சிறு நத்தை இலை மடிப்பில் ஒட்டியிருந்தால் தெரியாது. உப்பு நீரில் ஊறவைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பக்கூடாது. வேக வைத்தால் சந்தேகமே இல்லை. குடிநீர்த் தொட்டிக்கு மூடி போட வேண்டும்.

6. நத்தை, நண்டு, இறால் எதுவானாலும் நன்றாகக் கொதித்து வெந்த பிறகே உண்ண வேண்டும். மருந்து என்று சொல்லிப் பச்சையாக விழுங்கக்கூடாது.

எலி பிடிப்போர் கவனத்துக்கு

வயல் எலியைச் சுட்டு உண்பது நம் உழைப்பாளி மக்களில் பலரின் வழக்கம். இதில் கேவலம் எதுவும் இல்லை. வயலுக்கு அவர்கள் செய்வது பெரிய உதவி. அறுக்கும்போது மட்டும் கவனம் தேவை. குடல், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைத் தனியே எடுத்துப் புதைத்துவிட வேண்டும். ஈரலில் வெள்ளைக் கட்டியோ கோடுகளோ இருந்தால் அதை நாய்க்கும் பூனைக்கும் போடக்கூடாது. இறைச்சி உள்வரை வேக வேண்டும். நன்றாக வெந்த இறைச்சியால் இந்தப் புழுக்கள் வரமாட்டா. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். விஷம் வைத்த வயலில் பிடித்த எலியை எக்காரணம் கொண்டும் உண்ணக்கூடாது. வேலைக்கு அழைக்கும் நில உரிமையாளர், விஷம் வைத்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்வது கடமை.

எலிக்காய்ச்சல் என்பது வேறு. அது புழுவால் வருவதல்ல. எலியின் சிறுநீரில் உள்ள கிருமியால் வருவது. காலில் கையில் புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்போது அதற்கும் காப்பு வேண்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

நத்தை, உடும்பு, நண்டு போன்றவற்றைச் சரியாக வேகாமல் உண்ட ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல், பார்வைக் கோளாறு ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணத் தலைவலி என்று எண்ணி நாட்களைக் கடத்தக்கூடாது. என்ன உண்டோம், எப்போது உண்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நோயாளி வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவருக்கு வழி தெரியாமல் போகும். பெரும்பாலோர் சிகிச்சையில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு நிரந்தர ஊனமும் உயிரிழப்பும் நேர்ந்திருக்கின்றன. கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தாமாக விழுங்குவது ஆபத்து. மூளையில் புழுக்கள் ஒரே சமயத்தில் செத்தால் வீக்கம் அதிகமாகலாம். எந்த மருந்து, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஆடு மாடுகளுக்கு வழக்கமாக வரும் குடற்புழுக்கள் வேறு இனம். அவற்றுக்கு எலியைக் காரணம் சொல்ல வேண்டாம். அவற்றுக்குரிய மருந்தைக் கால்நடை மருத்துவமனையில் கேட்டு உரிய காலத்தில் கொடுத்து வர வேண்டும்.

எலியை அடியோடு ஒழிப்பது எந்த நாட்டிலும் நடந்ததில்லை. ஆனால் எலியிலிருந்து நம் வீட்டுக்குப் புழு வந்து சேரும் வழி நீளமானது. வண்டு, நத்தை, பூனை, அழுகிய எலி, கழுவாத கீரை என்று பல இடங்களில் அது இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. அந்த இடங்களில் ஒன்றை அடைத்தாலும் போதும், பயணம் நின்றுவிடும். இந்த மழைக்காலத்தில் தோட்டத்து நத்தையைப் பொறுக்குவதிலிருந்தே அந்த வேலையைத் தொடங்கலாம்.